ஏரிக்கு எழுதிய மொய்

அத்தானின் தூண்டில் பெட்டியைத் திறந்தால் விபூதி வாசனைதான் வரும். மீன்பிடி லைசென்ஸ் நனையக்கூடாதென்று, ஊரிலிருந்து விபூதி வந்த பிளாஸ்டிக் உறைக்குள் அதை வைத்திருப்பார். என் அக்காவைக் கட்டிய இந்தத் திருநெல்வேலி சைவக்காரர் மீனை வாயில் வைத்ததே இல்லை. அமெரிக்காவில், டெக்சஸின் ரிச்சர்ட்சனில் டெலிகாம் கம்பெனி வேலைக்கு வந்தபின், கூட வேலை பார்த்த அமெரிக்கர் ஒருவர் ஒரு சனிக்கிழமை ஏரிக்குக் கூட்டிப்போனார். அவ்வளவுதான், மனுஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மீனைப் பிடிப்பார், கொஞ்சம் பார்ப்பார், திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்.

"திங்கவும் மாட்டீங்க, விக்கவும் மாட்டீங்க. வருஷா வருஷம் லைசென்ஸ் எதுக்கு?" என்று அக்கா கத்துவாள்.

"ஏட்டி, அது மொய். பந்தில உக்காராட்டாலும் எழுதணும்லா?"

அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். லைசென்ஸ் கட்டணத்தையும், தூண்டில், நைலான் நரம்பு வாங்கும்போது போகிற வரியையும் வைத்துத்தான் அரசாங்கம் ஏரியில் மீன்குஞ்சு விடுகிறது. வேட்டைக்காரர்கள் கட்டுகிற காசு மானுக்கும், வாத்து வந்திறங்கும் சதுப்பு நிலத்துக்கும் போகிறது. சுடுகிறவனே காவல்காரனா என்று நான் சிரித்தேன்.

"பிடிக்கிறவனுக்குத்தான்டே மாப்ள மீன் இல்லேன்னா வலிக்கும்" என்றார்.

நான் ஒரு மீனும் பிடித்ததில்லை. அவர் பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்க் காப்பியைக் குடித்தபடி வெட்டியாக உட்கார்ந்திருப்பேன். அந்தச் சனிக்கிழமைகளுக்காக மனசு இன்னும் ஏங்குகிறது.

2001இல் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. அத்தானின் கிரீன் கார்டு பாதியில் நின்றுபோனது. எப்படியாவது இங்கேயே இருந்துவிடவேண்டும் என்று அலையாய் அலைந்தார், வேலை கிடைக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் அக்காவும் அவரும் ஊருக்குப் பெட்டி கட்டினார்கள். டெக்சஸில் செப்டம்பரில்தான் லைசென்ஸ் வருஷம் பிறக்கும். ஏர்போர்ட் போகிற வழியில் ஒரு கடை முன்னால் காரை நிறுத்தச் சொன்னார். உள்ளே போய், வரப்போகிற வருஷத்துக்கான லைசென்ஸோடு வந்தார்.

"அத்தான், நாளைக்கு நீங்க இங்க இருக்க மாட்டீங்களே!"

"குஞ்சு இருக்கும்லா மாப்ள."

லைசென்ஸ் விஷயத்தில் அக்கா வாயே திறக்காதது அன்றைக்குத்தான்.

இப்போதும் ஃபோனில் என் வேலை, வீடு எதையும் முதலில் கேட்கமாட்டார். "தண்ணி எப்படிடே கெடக்கு?" என்பார். நல்லாக் கெடக்கு அத்தான் என்பேன். ஒருதடவை வந்து பார்த்துவிட்டுப் போங்களேன் என்று சொல்ல நினைப்பேன். வந்தால் திரும்பவும் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடவேண்டும். அதனால் சொல்வதில்லை.