ஏழாவது பெயரின் மேல் மண்

கொள்ளிடக் கரைப் பூங்காவின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல் நிற்கிறது. மெருகேற்றிய கல். முன்னால் நின்றால் எழுத்துகளுக்கு நடுவே நம் முகம் மங்கலாகத் தெரியும். அதில் ஒன்பது பெயர்கள். போன வாரம் காலையில் நான் போனபோது எட்டைத்தான் படிக்க முடிந்தது. ஏழாவது பெயரின் மேல் யாரோ மண்ணைக் குழைத்து அப்பியிருந்தார்கள். ஈரம் காயவில்லை. நான்கு விரல் இழுத்த தடம் இடமிருந்து வலமாக, நாம் எழுதும் திசையிலேயே ஓடியிருந்தது. யாருடைய விரல் என்று உடனே தெரிந்துவிட்டது. பெயர்களுக்கு மேலே, குழு ஒருமனதாகப் பரிந்துரைத்தபடி இந்தப் பூங்கா அமைந்தது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த 'ஒருமனதாக'வை எழுதியவன் நான்.

ஆற்றில் பல வருஷம் மணல் அள்ளினார்கள். மணல் போன இடத்தில் களி இறுகித் தெரிந்தது. தண்ணீர் திறந்துவிட்டாலும் அதன் மேல் தங்காமல் வழுக்கிக்கொண்டு கடலுக்குப் போனது. கரையோரக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. வழக்கு நடந்து, அள்ளியவர்களிடம் வாங்கிய அபராதத்தை ஆற்றைச் சீர்செய்யவே செலவிட வேண்டும் என்று முடிவானது. எப்படிச் சீர்செய்வது என்று யோசனை சொல்ல ஒன்பது பேர் கொண்ட பொதுமக்கள் ஆலோசனைக் குழு. கண்டோன்மென்ட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் மாதம் ஒருமுறை கூடும். அங்கே கூட்டக் குறிப்பு எழுதுவது எனக்குக் கிடைத்த ஒப்பந்த வேலை. "நல்லாத் தமிழ் எழுதுவீங்களாமே" என்று கேட்டுத்தான் சேர்த்தார்கள். அந்தக் கேள்வியில் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அந்த அம்மா ஏழாவது உறுப்பினர். பட்டியலில் அப்படி, என் குறிப்பேட்டிலும் அப்படி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வடகரையில், பூங்காவுக்கு எதிரே சற்றுக் கிழக்காக ஓர் ஊர். கொஞ்சம் வாழை, ஒரு வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. கரையோர மக்களின் சார்பில் ஒருவர் வேண்டும் என்று விதி இருந்ததால் அவரைப் போட்டார்கள். மற்ற எட்டுப் பேரும் நாற்காலியில் சாய்ந்து உட்காருவார்கள். அவர் நுனியில் உட்காருவார், அடுத்த நிறுத்தத்தில் இறங்கப்போகிறவர் போல. உண்மையிலேயே அவருக்கு எப்போதும் ஒரு பஸ் காத்திருந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஐந்தரைக்கு அவர் ஊர் வழியாகப் போகும் பஸ். அதை விட்டால் மெயின் ரோட்டில் இறங்கி இருட்டில் நடக்க வேண்டும்.

மூன்றாவது கூட்டத்துக்கு அவர் ஒரு சாக்குப்பை கொண்டுவந்தார். அவர் முறை வந்ததும் அதிலிருந்து கிணற்றுக் கயிற்றை எடுத்து மேஜைமேல் நீளவாக்கில் விட்டார். தலைவர் பூச்சாடியை மெல்ல நகர்த்தி இடம் கொடுத்தார். முதலில் கறுத்துப்போன தென்னைநார்க் கயிறு. அதன் நுனியில் முடிச்சுப் போட்டு நீல நைலான். பிறகு மஞ்சள். பிறகு மாடு கட்டும் கயிறு. கடைசியில் முறுக்கிய சேலைத் துண்டு. ஒவ்வொரு கோடைக்கும் ஒரு துண்டு சேர்ந்திருந்தது. மேஜை போதாமல் கயிறு மறுமுனையில் வழிந்து, இன்னொரு உறுப்பினரான, பெரியகடை வீதியில் கயிறும் ஆணியும் விற்கும் பாயின் மடியில் விழுந்தது. அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். "இந்த நீலம் நம்ம கடைச் சரக்குதான்மா. ஆறு வத்துனா எனக்குத்தான் யாவாரம் போலிருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார்.

மொத்தம் எத்தனை மீட்டர் வரும் என்று நீர்வள அதிகாரி கேட்டார்.

"மீட்டரெல்லாம் தெரியாதுங்க சார். முன்னாடி ஒரு கொடம் எடுத்தா மூச்சு வாங்காது. இப்ப முடிச்சு வர்றப்பல்லாம் ராட்டினத்துல சிக்கிக்கும். நிறுத்தி, கையால தாண்டி விடணும். நாலு முடிச்சு, நாலு வாட்டி."

நான் எழுதினேன்: 'ஏழாவது உறுப்பினர் தம் பகுதியில் நிலத்தடி நீர்மட்டம் குறைந்துள்ளதாகத் தெரிவித்தார்.' கயிறு அந்த வரிக்குள் வரவில்லை. நாலு முடிச்சும் வரவில்லை. வீட்டுக்குப் போய் என் சொந்த நோட்டில் அந்தக் கயிற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன் என்பது இன்னும் கேவலம். அழகானதை எனக்கு வைத்துக்கொண்டு சக்கையை அரசாங்கத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.

குழுவின் முன் இரண்டு யோசனைகள் இருந்தன; நிதி ஒன்றுக்குத்தான் வரும். ஒன்று, அவர் ஊருக்குக் கீழே ஆற்றின் குறுக்கே மணலுக்கு அடியில் ஒரு சுவர். மேலே எதுவும் தெரியாது. ஓடிப்போகிற தண்ணீரை அது அடியிலேயே நிறுத்தி வைக்கும். மிச்சமிருக்கிற மணல் அதைக் குடித்துக் கிணறுகளுக்குக் கொடுக்கும். இன்னொன்று, ஸ்ரீரங்கத்துப் பக்கம் கரையைத் துப்புரவாக்கி, மரம் நட்டு, நடைபாதை போட்டு ஒரு பூங்கா. தலைவர் ஸ்ரீரங்கத்துக்காரர், ஓய்வுபெற்ற பொறியாளர். கொள்ளிடத்தை வடதிருக்காவேரி என்றுதான் சொல்வார். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனமில்லை; நிஜமாகவே அவர் அப்படி இல்லை. சிறுவயதில் தான் நீந்திய படித்துறையில் இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டியிருப்பதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். "ஜனங்க ஆத்தைப் பார்க்கணும். பார்த்தாத்தான் காப்பாத்துவா" என்பார். நம்பித்தான் சொன்னார்.

"பாக்குறவங்க பாக்கட்டுங்க. எங்களுக்குக் குடிக்கணும்" என்றார் ஏழாவது உறுப்பினர்.

பாய் என் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார்: "கண்ணுக்கே தெரியாத செவுத்துல ரிப்பனை எங்க தம்பி கட்டுறது?" வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் குழுவின் தலைவிதியை அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

கடைசிக் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. வந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவது அங்கே வழக்கம். போட்டவர் முடியும்வரை இருந்தார் என்றுதான் ஏட்டுக்குக் கணக்கு. அன்றைக்குப் படக்காட்சி, விளக்கம், தாமதமாக வந்த டீ, வடை என்று நேரம் ஓடியது. முடிவெடுக்கும் கட்டம் வரவில்லை. ஏழாவது உறுப்பினர் சுவர்க் கடிகாரத்தை மூன்று முறை பார்த்தார். ஐந்து மணிக்கு எழுந்து, தலைவரைக் கும்பிட்டுவிட்டு, வெளியே போகிற வழியில் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"தம்பி, பூங்கா வேணாம்னு நான் சொன்னதா எழுதிருங்க. செவுருதான் வேணும்னு. பஸ்ஸு போயிரும்."

தலையாட்டினேன். அவர் படியிறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது. கால் மணி நேரம் கழித்துத் தலைவர் கைகளை உயர்த்தச் சொன்னார். ஏழு கைகள் முழுதாக உயர்ந்தன. பாயின் கை தோள்வரை வந்து நின்றது, அதையும் எண்ணிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படியெடுத்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. சுருக்கமாக, நன்றாக இருக்கட்டும் என்று தலைவர் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். 'ஏழாவது உறுப்பினர் நீங்கலாக ஏனையோர்' என்று முதலில் எழுதினேன். அவர் எழுந்து போனதையும் சொல்லிவிட்டுப் போனதையும் சேர்த்தால் வாக்கியம் நீண்டது; நீண்டதும் நொண்டியது. படிக்கும்போதெல்லாம் கண் அந்த இடத்தில் சிக்கியது, ராட்டினத்தில் முடிச்சு சிக்குவது போல. நிறுத்தி, கையால் தாண்டி விடப் பொறுமை இல்லை எனக்கு. முடிச்சையே எடுத்துவிட்டேன். 'ஒருமனதாக' என்று போட்டதும் வரி தங்குதடையில்லாமல் ஓடியது, மணல் போன ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாதிரி. அடுத்த கூட்டத்தில் குறிப்பை வாசிப்பார்கள், அப்போது அவரே மறுத்துச் சொல்லிக்கொள்ளட்டும் என்று எனக்கு நானே சமாதானமும் செய்துகொண்டேன். "நன்னா வந்திருக்கு" என்றார் தலைவர்.

அடுத்த கூட்டம் என்று ஒன்று நடக்கவில்லை. நேரே அடிக்கல் விழா. கரையில் பந்தல், மைக், வாழைமரம். அந்த வாழைமரங்கள் அக்கரையிலிருந்து வந்தவையாகக்கூட இருக்கலாம். அவர் வந்திருந்தார், அழைப்பிதழில் பெயர் இருந்ததே. ஒன்பது பேரும் ஒருமனதாக என்று தலைவர் மைக்கில் சொன்னபோது அவர் மேடையைப் பார்க்கவில்லை, என்னைத் தேடினார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"எழுதுனீங்களா தம்பி?"

"எழுதுனேங்க" என்றேன்.

அது பொய் இல்லை, எழுதத்தான் செய்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் எனக்காகப் பரிந்து, "நீங்க எழுதியிருப்பீங்க. மேலதான் மாத்திட்டாங்க" என்றார். இத்தனை வருஷத்தில் என்னைத் தூங்கவிடாதது அந்த வாக்கியம்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு கோடை கழித்து, உள்ளதைச் சொல்லிவிடுவது என்று அவர் ஊருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. கிணற்றின் மேல் தகரம் போட்டுக் கல் வைத்திருந்தார்கள். ராட்டினத்தில் கயிறு அப்படியே தொங்கியது. சேலைத் துண்டுக்குக் கீழே இன்னொரு புதுத் துண்டு, ஐந்தாவது முடிச்சு. வாளி இல்லை. புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், மாடி வீடு, லாரித் தண்ணீர் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். முகவரி கேட்கலாமா என்று வாசல்வரை யோசித்தேன். கேட்காமல் பஸ் ஏறினேன்.

போன வாரம் கல்லின் முன்னால் நின்றபோது காவலாளி தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

"மாசத்துக்கு ஒருக்கா வருதுங்க அந்தம்மா. புத்தூர்லேருந்து பஸ் ஏறி வருது. இந்தச் செடி மண்ணை எடுத்துக் குழைக்கும், பூசும், போயிரும். ஒரு வார்த்தை பேசாது. இப்பதான் போச்சு, அந்தத் திருப்பத்துலதான் இருக்கும்."

ஓடினால் பிடித்திருக்கலாம். நான் ஓடவில்லை. குனிந்து பார்த்தேன். செம்மண். பூச்செடிகளுக்காக எங்கிருந்தோ லாரியில் கொண்டுவந்து கொட்டியது. ஆற்று மண் எடுக்க அவருக்கு ஆறு எங்கே இருக்கிறது?

இன்றைக்குக் கழுவ வேண்டாம் என்று காவலாளியிடம் கேட்டேன். மேஸ்திரி திட்டுவார் என்றார். நான் விடாமல் கேட்டதும் சரி என்று குழாயைக் கீழே போட்டுவிட்டு, வாசலில் சணலில் கட்டித் தொங்கிய கருத்துப் பதிவேட்டைக் காட்டி, சொல்வதை அதில் எழுதச் சொன்னார். கழிப்பறைக்குக் கதவில்லை, ஊஞ்சல் சங்கிலி அறுந்துவிட்டது என்று பலர் எழுதியிருந்தார்கள். அவற்றுக்குக் கீழே எழுதினேன்: 'ஏழாவது உறுப்பினர் பூங்கா வேண்டாம், சுவர்தான் வேண்டும் என்று கூட்டக் குறிப்பு எழுதிய என்னிடம் சொல்லிவிட்டு ஐந்தரை பஸ்ஸுக்குப் போனார், நான் அதை எழுதாமல் ஒருமனதாக என்று எழுதினேன்.' பெயரும் தேதியும் போட்டேன். வாக்கியம் நொண்டியது. தொடவில்லை. இந்த நோட்டை யார் படிப்பார்கள் என்று கேட்டேன். "நெறைஞ்சா மாத்திருவாங்க" என்றார்.

திரும்பி வந்து கல்லின் முன் உட்கார்ந்தேன். அக்கரைத் தென்னைகளுக்கு மேல் வெயில் ஏறியது. காவலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், குழாயைத் தொடவில்லை. கல் சுட ஆரம்பித்ததும் மண் வெளுத்தது, விரல் தடங்களின் ஓரத்தில் வெடித்தது, பொருக்குப் பொருக்காகக் கீழே விழுந்தது. முதலில் ஓர் எழுத்தின் சுழி தெரிந்தது. பிறகு ஒரு கால். பத்து மணிக்கெல்லாம் ஏழாவது பெயரை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.