விண்கலத்தின் மூக்கில் வைத்த பொட்டு

"பையனுக்கா, ஆன்டி?"

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து செராஸில், ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல்கள் விற்கும் அந்தக் கடைக்கு மூன்று வருடங்களாகப் போய்வருகிறேன். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் இதையேதான் கேட்கிறார். எனக்குப் பையனும் கிடையாது, பெண்ணும் கிடையாது. பிளாஸ்டிக் விண்கலம் எனக்குத்தான். அதைச் சொல்லியும் பார்த்தேன். "அப்ப சின்னதா ஆரம்பிங்க லா" என்று, பசையே தேவைப்படாத, ஆறு வயதுக் குழந்தைகளுக்கான பெட்டியை எடுத்து நீட்டினார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

கிள்ளானில் பல்செட் செய்யும் இடத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். ஊரார் தங்கள் வாய்க்குள் போகிற பொருளை என் கையை நம்பி வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டு துண்டு பிளாஸ்டிக்கை நான் ஒழுங்காக ஒட்டுவேன் என்று நம்ப மட்டும் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

போன வருடம் ஷா ஆலமில் ஒரு பேரங்காடியில் நடந்த மாடல் போட்டிக்கு என் முதல் விண்கலத்தைக் கொண்டுபோனேன். நடுவர் டார்ச் லைட்டைச் சாய்த்து அடித்துப் பார்த்தார். உடலின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில், பெயின்டுக்கு அடியில், மயிரிழை அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. தப்பு என்னுடையதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் அதை என்னிடம் சொன்னாரா? பக்கத்தில் சும்மா நின்றிருந்த என் கணவரைப் பார்த்து, "அடுத்த தடவ பட்டிய நல்லா போடுங்க, பாஸ்" என்றார். ஆயுளில் ஒரு பட்டி டியூபின் மூடியைக்கூடத் திறந்திராத இந்த மனிதரும் எல்லாம் தெரிந்தவர் மாதிரித் தலையாட்டினார்.

அதனால் இந்த வருடம் ஒரே வைராக்கியம். அந்தக் கோடு தெரியக் கூடாது. நடுவர் என்னிடம் பேச வேண்டும்.

பட்டி என்பது பற்பசை மாதிரி டியூபில் வரும் சாந்து. ஒட்டிய இடுக்கில் அதை அழுத்தித் தடவி, காயவிட்டு, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். காயக் காய அது உள்வாங்கும், அதனால் மறுபடியும் தடவ வேண்டும். இதற்கு மேல் நம் ஊர் மழை வேறு. பெயின்டுக்கு முன் பூசும் பிரைமரை ஈரக் காற்றில் அடித்தால் வெளுத்துப்போகும், ஆகவே மழையில்லாத காலைப்பொழுதுக்காகக் காத்திருக்க வேண்டும். மூன்று வாரம் இப்படித்தான் போனது. என் கணவர் சாப்பாட்டு மேசையில் தன் தட்டுக்கு இடம் தேடிக்கொண்டே, "இந்த வெளையாட்டு சாமான் எப்பதான் முடியும்?" என்று தினமும் கேட்டார்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. அன்று காலை மூக்குப் பகுதியில் இரண்டாம் தடவையாகப் பட்டி போட்டேன். அங்கே பள்ளம் ஆழம், உள்ளே காய ஒரு நாள் ஆகும். "யாரும் தொடக்கூடாது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, சுண்டல் தாளிக்க அடுப்படிக்குப் போனேன். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

திரும்பி வந்து பார்த்தால் சாமி மேடைக்கு முன்னால் வாசலில் நிற்கும் காடியின் சாவி, அவருடைய லேப்டாப், என் அரங்கள், உப்புத்தாள், நடுவில் விண்கலம். முன்னால் ஒரு எலுமிச்சம் பழம். மூக்கில் கொழகொழவென்று சந்தனம், அதன் மேல் குங்குமம். அதற்கு அடியில், காயாத பட்டியில், மோதிர விரல் பதிந்த பள்ளம்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"பொட்டு வச்சேன். ஏன், கோணலா இருக்கா?"

"தொடக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"பொட்டு வைக்கிறது தொடுறதா லா? ஆயுத பூஜை. காடிக்கு வச்சாச்சு, லேப்டாப்புக்கு வச்சாச்சு. ஒன் வேலைய மட்டும் விட்டுட முடியுமா?"

வேலை என்றார். மூன்று வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டது அன்றுதான். உடனே நான் உருகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சொல்லைச் சொல்ல என் மூன்று வார உழைப்பில் விரலை விட்டுத்தான் ஆக வேண்டுமா என்று கத்தினேன். சுண்டல் தீய்ந்து போனது.

சிவப்பு ஏறிய பட்டியைக் கத்தியால் வழித்தெடுத்து, மூன்றாம் தடவையாகப் போட்டு, இரண்டு நாள் காயவிட்டுத் தேய்த்தேன். நல்லவேளையாக வெள்ளிக்கிழமை காலை வெயிலடித்தது. பிரைமர் அடித்தேன், சனிக்கிழமை பெயின்ட்.

ஞாயிறு போட்டியில், பெயர் பதியும் மேசையில் இருந்த ஆள் நேராக என் கணவரைத்தான் பார்த்தார். "உங்களோடதா, பாஸ்?"

எனக்கு வாய் துறுதுறுத்தது. அதற்குள் என் கணவரே, "நான் காடி ஓட்டிட்டு வந்தவன்தான். செஞ்சது அவங்க. நான் ஒரு விரல் வச்சேன், அதையும் தேச்சு எடுத்துட்டாங்க" என்றார். பேனா என் பக்கம் வந்தது.

பிறகு, போன வருடத்து அதே நடுவர், அதே டார்ச் லைட். மூக்கிலிருந்து வால்வரை சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கோட்டைக் காணோம். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "எத்தன தடவ பட்டி போட்டீங்க, அக்கா?" என்றார்.

"மூணு" என்றேன். இந்த ஒரு கேள்வியை என்னிடம் கேட்க இந்த ஆளுக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது. சந்தோஷப்படுவதா, அங்கேயே சண்டைக்குப் போவதா என்று எனக்குத் தெரியவில்லை.