கன்னையாவுக்காகப் போட்ட இரண்டாவது மனு

சித்தூர் வக்கீல் தாமோதரனுக்கு ஸௌரிராஜனைப் பிடிக்காது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவி வரலட்சுமிக்கு மட்டும் தெரியும். கோர்ட்டிலிருந்து திரும்பியவர் கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், "இன்னிக்கி திருப்பதிக்காரரு வந்திருந்தாரா?" என்று கேட்பாள். பதில் வராவிட்டால் வந்திருந்தார் என்று அர்த்தம்.

தாமோதரன் பாலசமுத்திரத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் குடும்பத்தில் சட்டம் படித்த முதல் ஆள். ஸௌரிராஜன் அவரைவிட ஆறு வயது இளையவர். பரம்பரையாகக் கோயில் கைங்கரியம் செய்யும் திருப்பதி வீட்டுப் பிள்ளை. தாமோதரன் ஒரு வழக்குக்கு நாலு நாள் படிப்பார். ஸௌரிராஜன் காலையில் வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பத்தரைக்கு எழுந்து நிற்பார். ஆனால் அந்தக் குரல் எழுந்தால் வராந்தாவில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் மூன்றும் அவருக்குத் தாய்மொழி மாதிரி. தாமோதரன் பேசும்போது நீதிபதிகள் பேனா முனையைச் சோதித்துக்கொண்டிருப்பார்கள்.

தாமோதரனிடம் ஒரே ஒரு சொத்து இருந்தது. அது ஒரு தடித்த நோட்டுப்புத்தகம். மாதம் ஒருமுறை சென்னைக்குப் போய் அமெரிக்க நூலகத்தில் உட்கார்ந்து, அந்த நாட்டுக் கோர்ட்டுகளில் குடிமக்களின் உரிமைக்காக நடந்த வழக்குகளைத் தன் கையெழுத்தில் எடுத்து எழுதிக்கொண்டு வருவார். சான்பிரான்சிஸ்கோவில் சலவைக்கடை வைத்திருந்த சீனர் ஒருவர், எல்லாருக்கும் பொதுவென்று போட்ட சட்டம் தன் ஆட்கள் மேல் மட்டும் பாய்கிறது என்று வழக்காடி ஜெயித்தது அதில் இருந்தது. கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் தனித்தனிப் பள்ளியில் வைக்கக்கூடாது என்று 1954இல் வந்த தீர்ப்பு பன்னிரண்டு பக்கம் பிடித்தது. அவருடைய கட்சிக்காரர்களுக்கோ வரப்புத் தகராறும் கிணற்றுப் பங்கும்தான். ஒரே ஒருமுறை ஒரு வழக்கில் அமெரிக்கத் தீர்ப்பைச் சொல்லப்போனார். நீதிபதி சிரித்துக்கொண்டு, "இது சித்தூரா சிகாகோவா, மிஸ்டர் தாமோதரன்?" என்றார். கோர்ட்டே சிரித்தது. முதலில் சிரித்தது ஸௌரிராஜன் என்றுதான் தாமோதரனுக்குப் பட்டது.

1956 தொடக்கத்தில் எல்லைப் பக்கம் முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. ஆந்திர மாநிலம் பிறந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சித்தூர் ஜில்லாவின் தெற்கு ஓரத்துத் தமிழ் ஊர்கள் எந்தப் பக்கம் என்பது மட்டும் தீரவில்லை. பாலசமுத்திரத்துக் கன்னையா என்ற விவசாயி, தங்கள் ஊர்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொல்லி முந்நூறு பேரிடம் கைநாட்டு வாங்கி, அந்த மனுவைச் சந்தையில் நின்று உரக்கப் படித்தார். மறுவாரம் போலீஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. அவர் மேல் வழக்கு எதுவும் போடவில்லை. தடுப்புக் காவல் சட்டத்தில் ஒரு உத்தரவைக் கையில் கொடுத்து, வடக்கே தொலைவில் ஒரு சிறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

கன்னையாவின் மனைவி செங்கம்மா அந்தக் காகிதத்தின் நகலோடு நேராகத் தாமோதரன் வீட்டுக்கு வந்தாள். ஒரே ஊர் என்பதால் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னா எழுதிக்கிறான்னு ஒண்ணும் புரியல அண்ணா. அவரு இன்னா பண்ணாருன்னு போட்டுக்கிறாங்க?"

தாமோதரன் படித்தார். இரண்டு பக்கம், எட்டுக் குற்றச்சாட்டு. ஒரு பக்கம் ஆங்கிலம், மறு பக்கம் தெலுங்கு.

"கன்னையாவுக்குத் தெலுங்கு படிக்க வருமா?"

"பேசுவாரு. எழுத்து தமிழ்தான் தெரியும், அதுவும் கூட்டிக் கூட்டி."

தாமோதரன் தெலுங்குப் பக்கத்தை மறுபடி திருப்பிப் பார்த்தார். ஏன் அடைத்திருக்கிறோம் என்று அடைபட்டவனுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். படிக்க முடியாத எழுத்தில் கொடுத்தால் அது சொன்னதாகுமா? நோட்டுப்புத்தகத்தில் அதற்கு நேரான அமெரிக்கத் தீர்ப்பு ஒன்று இருந்தது: போய்ச் சேரும் என்ற எண்ணமே இல்லாமல் பேருக்கு அனுப்பும் அறிவிப்பு, அறிவிப்பே ஆகாது. பதினைந்து வருடமாக அவர் காத்துக்கொண்டிருந்த வழக்கு இதுதான்.

"ரெண்டு நாள் குடும்மா. நல்லாப் படிச்சுட்டுச் சொல்றேன்" என்றார்.

அந்த இரண்டு நாளில், தமிழ் ஊர்களுக்காகப் போராடிய எல்லைக் கமிட்டிக்காரர்கள் செங்கம்மாவைத் திருப்பதிக்குக் கூட்டிப்போய், வக்காலத்தில் அவள் கைநாட்டை வாங்கி ஸௌரிராஜனிடம் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் இதைச் சொல்ல வந்தவள் வாசலிலேயே நின்றாள். "அவங்கதான் சொன்னாங்க அண்ணா, குண்டூரு ஐகோர்ட்டுல பேசறதுக்கு அவரு கொரலுதான் சரின்னு." தாமோதரன் தலையாட்டினார். அன்று அவர் சாப்பிடவில்லை.

வாரக் கடைசியில் ஸௌரிராஜனே வந்து சேர்ந்தார்.

"உங்க நோட்டுப்புஸ்தகத்தப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். பேச்சுரிமை பத்தி அமெரிக்காக்காரா சொன்னதெல்லாம் வேணும். ஒரு பத்து நாளைக்குக் குடுப்பேளா? பத்திரமாத் திருப்பித் தரேன்."

கேட்டது மரியாதையாகத்தான். அதுவே தாமோதரனுக்கு எரிந்தது. உள்ளே போய், பேச்சுரிமை வழக்குகளும் பேர்போன மற்ற உரிமை வழக்குகளும் இருந்த பக்கங்களில் காகிதத் துண்டு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அறிவிப்பைப் பற்றிய தீர்ப்பு அதே நோட்டில் கடைசியில் இருந்தது. அங்கே காகிதம் வைக்கவில்லை.

"உத்தரவுல ஏதாவது ஓட்டை இருக்கோ? நீங்க பாத்தேளாமே?" என்று கேட்டார் ஸௌரிராஜன்.

"பார்த்தேன். வழக்கமா இருக்கிற மாதிரிதான் இருக்குது" என்றார் தாமோதரன்.

இதைக் கேட்டுக்கொண்டே காப்பி கொண்டுவந்த வரலட்சுமி, அவர் போன பிறகு கேட்டாள்: "தெலுங்கு எழுத்து விசயம் சொல்லலியா?"

"பெரிய வக்கீலாச்சே. கண்ணு இல்லியா அவனுக்கு?"

ஸௌரிராஜனுக்கு அது கண்ணில் படவே இல்லை. குழந்தையிலிருந்து இரண்டு எழுத்தையும் கலந்து படித்தவர். தெலுங்குக் காகிதம் ஒருவனுக்கு ஊமைக் காகிதமாக இருக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை.

விசாரணை நாளன்று தாமோதரன் ரேணிகுண்டாவில் வண்டி மாறிக் குண்டூருக்குப் போனார். வேறு வேலை இருப்பதாக வீட்டில் சொல்லியிருந்தார். பின்வரிசையில் உட்கார்ந்தார். ஸௌரிராஜன் ஒன்றரை மணி நேரம் பேசினார். பேச்சுரிமை வழக்குகளோடு சலவைக்காரச் சீனர் வந்தார், பள்ளிக்கூடத் தீர்ப்பு வந்தது. தாமோதரன் கைவலிக்க எழுதிய வரிகள் ஒவ்வொன்றாக அந்தக் குரலில் வெளியே வந்தன. நீதிபதிகள் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார்கள், யாரும் சிகாகோவைப் பற்றிக் கேலி பேசவில்லை. தன் வீட்டுப் பெண் வேறொருவன் வீட்டில் பட்டுடுத்தி நிற்பதைப் பார்ப்பதுபோல் தாமோதரனுக்கு இருந்தது.

ஆனால் கன்னையாவை விடுவிக்கக் கேட்ட மனு தள்ளுபடி ஆனது. காவலில் வைக்க அதிகாரி சொன்ன காரணம் போதுமா போதாதா என்று எடை போடுவது கோர்ட்டின் வேலையல்ல என்று சொல்லிவிட்டார்கள். தாமோதரனுக்கு வந்தது சந்தோஷம்தான். மறைக்க வேண்டியிருந்ததால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வராந்தாவில் செங்கம்மா ஒவ்வொரு கறுப்புக் கோட்டாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆங்கிலத்தில் படித்த தீர்ப்பு அவளுக்குப் புரியவில்லை.

"அண்ணா, நீயும் வந்துக்கிறியா. இன்னா சொல்லிட்டாங்க? வுட்டுடுவாங்களா?"

"இல்லம்மா" என்றார். அதற்கு மேல் அவளைப் பார்க்க முடியாமல் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

சந்தோஷம் ஒரு நாள்தான் நின்றது. மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையில் ஸௌரிராஜன் பேசியது முக்கால் பத்தி வந்திருந்தது. மனு தோற்றாலும் வாதம் பிரமாதம் என்று எழுதியிருந்தார்கள். சித்தூர் வக்கீல்கள் அறையில் அதை ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். "தோத்தாலும் மனுஷன் சிங்கம்" என்றார் ஒரு கிழ வக்கீல். இவன் ஜெயித்தாலும் புகழ், தோற்றாலும் புகழ் என்றால் நான் எதற்கு என்று தாமோதரனுக்கு ஆத்திரம் பொங்கியது. அன்றே பாலசமுத்திரத்துக்கு ஆள் அனுப்பிச் செங்கம்மாவை வரவழைத்தார்.

"புதுக் காரணம் இருந்தா மறுபடி மனுப் போடலாம். நான் போடறேன். நானே பேசறேன்."

இது கன்னையாவுக்காக என்று அவள் நினைத்தாள், அவர் காலைத் தொடப்போனாள். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

இரண்டாவது மனு விசாரணை இருபது நிமிஷத்தில் முடிந்தது. தாமோதரனின் குரல் வழக்கம்போல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் இந்த முறை நீதிபதிகள் காதைச் சாய்த்துக் கேட்டார்கள். தமிழ் எழுத்தில் கொடுத்தீர்களா என்று அரசு வக்கீலைக் கேட்டார்கள். வாயால் விளக்கிச் சொன்னோம் என்றார் அவர். விளக்கிச் சொன்ன ஆளின் பிரமாணப் பத்திரம் எங்கே என்றார்கள். அப்படி ஒன்று இல்லை. தாமோதரன் தன் அமெரிக்கத் தீர்ப்பை நாலே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மாலைக்குள் விடுதலை உத்தரவு வந்தது.

சித்தூரில் வக்கீல்கள் தேநீர் விருந்து வைத்தார்கள். திருப்பதியிலிருந்து ஸௌரிராஜன் வந்து, கூப்பிடாமலே எழுந்து பேசினார்.

"நான் கோட்டை விட்டேன். தெலுங்குக் காகிதம் ஒருத்தருக்குப் புரியாதுன்னு நேக்குத் தோணவே இல்லை. தாமோதரனுக்குத் தோணித்து. அவர்கிட்ட நான் பாடம் கத்துண்டேன்."

அன்று எல்லாவற்றையும்விடப் பெரிய கைதட்டல் அதற்குத்தான் விழுந்தது. தவறை ஒப்புக்கொண்டதற்கே இவனுக்குக் கைதட்டுகிறார்கள் என்று தாமோதரன் நினைத்தார். கையில் இருந்த தேநீர் ஆறிப்போனது.

கன்னையா பத்து நாள் கழித்து வந்தார். இளைத்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. வாழைத்தார் ஒன்றை வாசலில் இறக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"உள்ள எப்படி இருந்தது?" என்று தாமோதரன் கேட்டார்.

"அடிக்கல, ஒண்ணும் பண்ணல. சோறு துன்னேன், படுத்தேன். அந்தக் காயிதத்த வச்சிக்கினு ஒவ்வொருத்தன் கிட்டயா போவேன். ஒருத்தன் சந்தையில கூட்டம் போட்டேன்னு இருக்குதும்பான். இன்னொருத்தன் ஒரு வருசம்னு போட்டுக்குதும்பான். ஒரு வார்டன் ஆயுசு பூரான்னான். வெளையாட்டுக்குத்தான் சொல்லிக்கிறான். எனக்கு எப்பிடித் தெரியும்? ஏன் உள்ள இருக்கறோம்னே தெரியல பாரு, அதான் தாங்க முடியல."

தாமோதரன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். 

"எனக்கு மொதல் நாளே தெரியும், கன்னையா. செங்கம்மா காயிதத்தக் கொண்டாந்தப்பவே. ஸௌரிராஜன் வந்து கேட்டான். நான் சொல்லல. சொல்லியிருந்தா மொத மனுவுலயே வெளிய வந்திருப்பே."

"ஏன் சொல்லல?"

"அவன் ஜெயிச்சுடுவானேன்னு."

 கன்னையா மனசுக்குள் நாட்களைக் கூட்டினார்.

"மொத மனுவுக்கும் ரெண்டாவதுக்கும் நாப்பத்தியோரு நாளு."

"ஆமா."

"ஒங்க ரெண்டு பேரு சண்டையில நான் எங்க இருந்தேன் வக்கீலய்யா?"

அதுவரை அவர் தாமோதரனை வக்கீலய்யா என்று கூப்பிட்டதே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். வாழைத்தாரைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பேச்சை ஊரில் யாரிடமும் சொன்னதாகவும் தெரியவில்லை. ஆனால் நாலு வருடம் அந்தப் படியை மிதிக்கவில்லை.

1960இல் எல்லை முடிவானது. சில ஊர்கள் சென்னை மாநிலத்துப் பக்கம் போயின, பாலசமுத்திரம் ஆந்திராவிலேயே நின்றது. கன்னையா இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்றார்கள். மூன்றாம் நாள் எழுந்து, இங்கேதான் இருக்கப் போகிறோம் என்றால் நம் பிள்ளைகள் நம் எழுத்தைப் படிக்கட்டும் என்று, பள்ளியில் தமிழ்ப் பிரிவு கேட்டு மறுபடி கைநாட்டு வாங்கத் தொடங்கினார். அந்தக் காகிதக் கட்டோடு ஒருநாள் காலையில் தாமோதரன் வீட்டுக்கு வந்தார்.

"உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. இந்த வேல உனக்குத்தான் தெரியும். தெரிஞ்சத மொதல்லயே சொல்லிடணும், அவ்ளோதான்."

தாமோதரன் மூன்று வாரம் உட்கார்ந்து மனுவை எழுதினார். மொழிச் சிறுபான்மையினர் பற்றி அரசியல் சட்டம் சொல்வதையும் அமெரிக்கப் பள்ளிக்கூட வழக்கையும் சேர்த்தார். எழுதி முடித்ததும் ஒரு மணி நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அப்போது ஐகோர்ட் ஐதராபாத்துக்குப் போயிருந்தது, ஸௌரிராஜனும் அங்கே குடியேறிப் பெரிய வக்கீல் ஆகியிருந்தார். இதைத் தன் குரலில் சொன்னால் எடுபடாது என்று தாமோதரனுக்குத் தெரியும். வரலட்சுமி ஒன்றும் கேட்கவில்லை. அவரே உறையில் போட்டு, தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் நாலு பக்கம் குறிப்பாக எழுதி வைத்து, ஸௌரிராஜனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

விசாரணையின்போது அவர் ஸௌரிராஜனுக்குப் பின்னால் உட்கார்ந்து, துண்டுக் காகிதங்களில் எழுதி எழுதி நீட்டினார். ஸௌரிராஜன் வாங்கிப் பார்த்துப் பேசினார். அந்த வருடமே தமிழ் வாத்தியாரை நியமிக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

பத்திரிகையில் ஸௌரிராஜன் பெயர் மட்டும்தான் இருந்தது. தாமோதரன் அதை இரண்டு தடவை படித்தார். மடித்து மேஜைமேல் வைத்தார். அன்று மாலை கோட்டைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.