மேஜர் யார் பேச்சைக் கேட்டான்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தேவிபட்டினம் கடற்கரையில், என் மனைவி வசந்தா ஒரு நாயின் வாய்க்குள் கையை விட்டாள்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? வசந்தாவைத் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

திருவாடானைப் பக்கத்துப் பெண் அவள். ஒன்பது வயதில், பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அந்தக் காலத்து வைத்தியம் தெரியுமில்லையா? தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. அன்றிலிருந்து தெருமுனையில் நாய் படுத்திருந்தால் போதும், அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வீடு வருவாள். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று அவள் கேட்கிற முதல் கேள்வி - "நாய் இருக்கா?" நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி எப்படி வந்தது?

மழைதான் காரணம். மூன்று மாதத்துக்கு முன் விடாமல் கொட்டியதே, அந்த மழையில் எங்கள் கொல்லையில் இருக்கும் மோட்டார் ரூமுக்குள் ஒரு செவலைக் குட்டி வந்து ஒண்டிக்கொண்டது. தாய் தேடி வரும் என்று இரண்டு நாள் பார்த்தேன். வரவில்லை.

"மழை விட்டதும் போயிரணும்" என்றாள் வசந்தா, ஜன்னலுக்கு உள்பக்கம் நின்றபடி.

"குட்டிதானே வசந்தா..."

"குட்டிக்கும் பல்லு இருக்குல்ல?"

மழை ஐந்து நாள் பெய்தது. அதற்குள் நான் பெயர் வைத்துவிட்டேன். மேஜர்! பெயர் வைத்த பிறகு யாரையாவது வெளியே அனுப்ப முடியுமா?

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். மேஜர் வீட்டுக்குள் வரக்கூடாது. வசந்தா கொல்லைக்கு வரும்போது கட்டிப் போட்டிருக்க வேண்டும். குளிப்பாட்டுவது, பழக்குவது, அள்ளிக் கொட்டுவது... எல்லாம் என் பொறுப்பு.

உடனே ஒப்புக்கொண்டேன். முப்பத்தோரு வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தவன் ஐயா நான். ஒரு விசில் அடித்தால் முந்நூறு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஒரு குட்டி நாயைப் பழக்குவது பெரிய காரியமா?

பெரிய காரியம்தான் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

மோட்டார் ரூமில் ஒரு மூலையில் செய்தித்தாள் விரித்து, 'இங்கேதான் போக வேண்டும்' என்று காட்டினேன். அந்த மூலையைத் தவிர மற்ற மூன்று மூலைகளிலும் போனான். ஒரே ஒரு நாள் தாளில் போனான். எடுத்துப் போடும்போது பார்த்தேன் - பத்திரிகையில் நான் எழுதும் பத்தி வந்த பக்கம். விமர்சனம் என்று எடுத்துக்கொண்டேன்.

விசில் அடித்தேன். வரிசையில் நிற்பதாவது... காதைத் தூக்கிக்கொண்டு கொல்லை முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓடினான். விசில் என்றால் விளையாட்டு ஆரம்பம் என்று அவனாகவே முடிவு செய்துவிட்டான். 'சிட்' என்று கத்தினேன். புரியவில்லையோ என்று நானே உட்கார்ந்து காட்டினேன். என் கைலி நுனியைக் கவ்விக்கொண்டு இழுத்தான். எழுந்திருக்க ஐந்து நிமிடம் ஆனது - எனக்கு மூட்டுவலி.

செல்போனில் நாய் பழக்கும் வீடியோக்கள் பார்த்தேன். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: 'கத்தாதீர்கள். துரத்தாதீர்கள். அசையாமல் நின்று, சொன்னபடி செய்தால் தின்னக் கொடுங்கள்.' கத்தாமல் எப்படிப் பழக்குவது? ஏதோ வெளிநாட்டு நாய்க்குச் சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

எதிர் வீட்டு சீனி பாய்க்கும் இதில் ஒரு சங்கடம். பல வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்து, இப்போது கரையில் மீன் ஏலம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறார். தினமும் தொழுகைக்குப் போகும் வழியில் எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு வார்த்தை பேசாமல் போக மாட்டார். மேஜர் வந்த பிறகு தெருவின் அந்தப் பக்கமே நின்று பேசினார்.

"தப்பா நினைக்காதிய சார். தொழுகைக்குக் கை கால் கழுவி உளு எடுத்திருக்கேன். அது எச்சி பட்டுச்சுன்னா திரும்பப் போயிக் கழுவணும்."

"இதுல தப்பா நினைக்க என்ன இருக்கு பாய்? நான் வேணா அங்கன வாரேன்" என்றேன். நட்பு ஒன்றும் குறையவில்லை. நடுவில் ஒரு தெரு மட்டும் வந்தது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒருநாள் பகலில் அது நடந்தது. சங்கிலிக் கொக்கியை நான் சரியாக மாட்டவில்லை. வசந்தா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேஜர் நாலு கால் பாய்ச்சலில் அவளை நோக்கி ஓடினான்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, ஈரப் போர்வையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, கண்ணை இறுக்க மூடி நின்றிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. சாமி பெயராக இருக்கும். மேஜர் அவள் மேல் தாவினான், குரைத்தான், முந்தானையை இழுத்தான். பயத்தில் உறைந்து போனவளிடமிருந்து ஓர் அசைவும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு... அவள் முன்னால் அமைதியாக உட்கார்ந்துவிட்டான்.

"போயிருச்சா?" என்றாள் வசந்தா, கண்ணைத் திறக்காமல்.

"போகல. உட்காந்திருக்கு."

"யாரு சொல்லி உட்காந்துச்சு?"

நல்ல கேள்வி. இரண்டு மாதம் நான் தொண்டை வறளக் கத்தியும் உட்காராதவன்!

அன்றிலிருந்து அவளைக் கண்டாலே உட்கார ஆரம்பித்தான். அவளோ அவனிடமிருந்து தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். தூரத்தில் ஓர் இட்லித் துண்டைப் போட்டுவிட்டு, நடுங்குகிற சின்னக் குரலில் "இங்கன வா" என்பாள். அவன் இட்லியைத் தின்று முடிப்பதற்குள் துணியைக் காயப்போட்டுவிட்டு உள்ளே ஓடிவிடுவாள். சில நாட்களில் இட்லி இல்லாமலேயே, "இங்கன வா" என்றால் போதும் என்றாகிவிட்டது.

யோசித்துப் பார்த்தேன். கத்தாமல், துரத்தாமல், அசையாமல் நின்று, சொன்னபடி நடந்தால் தின்னக் கொடுத்து... அந்த வீடியோக்காரர்கள் சொன்ன பாடத்தை ஒன்றுவிடாமல் இவள் பயத்திலேயே நடத்தி முடித்திருக்கிறாள்! கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

போன ஞாயிறு காலை, மீன் வாங்கக் கரைக்குக் கிளம்பினோம். மேஜரையும் கூட்டிப் போனேன். வசந்தா பத்தடி தள்ளி வந்தாள். போட்டுகள் கரை சேர்ந்து, வலைகளை உதறிக்கொண்டிருந்தார்கள். ஆள் குறைவாக இருக்கும் பக்கம்தானே என்று சங்கிலியை அவிழ்த்துவிட்டேன். என் புத்தி!

கொஞ்ச நேரத்தில் மேஜர் வாயில் எதையோ கவ்விக்கொண்டு வந்தான். பலூன் மாதிரி வயிறு உப்பிய ஒரு மீன். பார்க்க அவ்வளவு வேடிக்கை. சிரித்துக்கொண்டே செல்போனை எடுத்து ஒரு போட்டோகூடப் பிடித்தேன்.

சீனி பாயின் குரல் ஏலச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

"சார்! அது பேத்தை! விசம் சார்! தின்னுச்சுன்னா செத்துப் போகும்!"

வலையில் தப்பித் தவறி விழும் மீன் அது. யாருக்கும் ஆகாதென்று மணலில் வீசிவிடுவார்கள். கரையில் கிடக்கும் நாய்கள் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போய்விடுமாம். என் வீட்டு மோட்டார் ரூமில் இட்லி தின்று வளர்ந்தவனுக்கு அது எங்கே தெரியும்?

பதறிப்போய் ஓடினேன். ஓடியதோடு நிற்கவில்லை - பழக்கதோஷம், விசிலையும் ஊதினேன். அவ்வளவுதான்... விளையாட்டு ஆரம்பம்! மீனோடு போட்டுகளுக்கு நடுவில் பாய்ந்தான். வலை உதறிக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து துரத்தினார்கள். ஆள் கூடக்கூட அவனுக்குக் கொண்டாட்டம் கூடியது. ஓடும்போதே தாடை அசைந்தது. மெல்லுகிறான்!

"எல்லாரும் நில்லுங்க!"

யார் குரல் என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. வசந்தா! கரையே நின்றது. நானும் நின்றேன். முப்பத்தோரு வருடத்தில் அப்படி ஒரு 'ஹால்ட்' நான் சொன்னதில்லை.

பிறகு ஈர மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். குரல் சின்னதாகிவிட்டது.

"இங்கன வா."

மேஜர் திரும்பிப் பார்த்தான். என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மெதுவாக நடந்து போய் அவள் முன்னால் உட்கார்ந்தான். மீன் வாயிலேயே இருந்தது. கடைவாய்ப் பல்லுக்கு நடுவில் இறுகியிருந்தது. அவள் கையில் இட்லி இல்லை. ஒன்றும் இல்லை.

"இரு, நான் வாரேன்" என்றேன்.

"வராதீங்க. வந்தா ஓடிரும்."

அவள் முதுகு நடுங்குவது எனக்குத் தெரிந்தது. இடது கையால் அவன் மேல்தாடையைப் பிடித்தாள். வலது கையை உள்ளே விட்டாள். அவன் உறுமினான். அவள் கையை எடுக்கவில்லை. இழுத்தாள்... மீன் வந்துவிட்டது.

வாலைக் காணவில்லை.

"வாலத் தின்னுருச்சு போல இருக்கே அண்ணே..." என்று சீனி பாயைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"வண்டியில ஏறுங்க தங்கச்சி. பேசிக்கிட்டு நிக்க நேரமில்லை" என்றார் அவர். மீனை ஒரு பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டார். டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். எனக்கு அது தோன்றவே இல்லை.

அவருடைய வேனின் முன் சீட்டில் வசந்தா, அவள் மடியில் மேஜர். நான் பின்னால், மீன் பெட்டிகளுக்கு நடுவில். ராமநாதபுரம் போவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தான். சீட்டில் ஒன்று, சீனி பாயின் சட்டைக் கையில் ஒன்று.

"ஐயோ பாய், உங்க மேல..." என்று நான் பின்னாலிருந்து பதறினேன்.

"கழுவுனாப் போற விசயம் சார் இது. உசுரு போனா வருமா?" என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் கால்நடை டாக்டர் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். ஊசி போட்டார், டிரிப்ஸ் ஏற்றினார். மீனைப் புரட்டிப் பார்த்து, "வயிறு கிழியலை. விஷம் உள்ளேதான் அதிகம். இருந்தாலும் மத்தியானம் வரைக்கும் பார்க்கணும்" என்றார்.

அந்த நாலு மணி நேரம் இருக்கிறதே... மேஜரின் பின்னங்கால்கள் தளர்ந்து கிடந்தன. வசந்தா தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. செல்போனில் இருந்த அந்தப் போட்டோவை யாருக்கும் தெரியாமல் அழித்தேன். லுஹர், அதாவது மதியத் தொழுகை நேரம் வந்தபோது சீனி பாய் தண்ணீர் கேட்டு வாங்கி, கை கால், சட்டைக் கை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போனார். திரும்பி வந்து, "நானும் கேட்டுட்டு வந்திருக்கேன் தங்கச்சி" என்றார்.

ஒரு மணிவாக்கில் மேஜர் எழுந்தான். தள்ளாடினான். இரண்டடி நடந்தான். பிறகு டாக்டர் வீட்டு மிதியடியின் ஒரு முனையைக் கடித்து இழுக்க ஆரம்பித்தான்.

"பிழைச்சுட்டான்" என்றார் டாக்டர். கால்நடை மருத்துவத்தில் அதுதான் கடைசிப் பரிசோதனை போலிருக்கிறது.

கிளம்பும்போதுதான் அவர் வசந்தாவின் விரலைப் பார்த்தார். பல் கீறி ரத்தம் காய்ந்திருந்தது. "குட்டிக்கு இன்னும் தடுப்பூசி போடலையில்ல? நீங்க இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்டுக்கிடணும்மா." தடுப்பூசி போடாதது யார் குற்றம்? பழக்குவது, வளர்ப்பது எல்லாம் யார் பொறுப்பு? நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போதெல்லாம் கையில்தான் போடுகிறார்கள், நாலைந்து ஊசியோடு முடிந்துவிடும். அன்றே முதல் ஊசி போட்டுக்கொண்டாள். மறுநாள் மேஜருக்கும் போட்டாயிற்று.

சாயங்காலம் காபி குடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன்.

"அந்த நேரத்துல உனக்குப் பயமே இல்லையா வசந்தா?"

"யாரு சொன்னா இல்லைன்னு? ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு."

"அப்புறம் எப்படிக் கைய விட்ட?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"பயந்துகிட்டேதான் விட்டேன். பயம் போனப்புறம்தான் கைய விடுவேன்னு இருந்தா, அது செத்துல்ல போயிருக்கும்?"

சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உயரம் தாண்டும் கம்பிக்கு முன்னால் வந்து அப்படியே நின்றுவிடுகிற பிள்ளைகள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தையைத்தான் கத்தியிருக்கிறேன் - "பயப்படாதே, தாண்டு!" பயப்படாமல் இருக்க முடியாதவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வரிசைக்குத் திரும்பிப் போனார்கள்.

'பயந்துகிட்டே தாண்டு' என்று ஒரு பிள்ளையிடமாவது சொல்லியிருக்கலாம்.