மாசாணம் மாஸ்டரின் பதினாறாவது கட்டம்

சத்தி ரோட்டில் வாழைத்தார் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்றுக்குப் பின்னால் மாசாணம் மாஸ்டர் எட்டு நிமிடமாகப் போய்க்கொண்டிருக்கிறார். வலப்பக்கம் ஒரு லாரியே போகலாம், அவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது. பின்னால் டவுன் பஸ் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் வருகிறது. ஸ்டியரிங் பிடித்திருக்கும் பெண்ணுக்கு வேர்த்து ஊற்றுகிறது. இடப்பக்க சீட்டில் மாஸ்டர், தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி, "இருக்கட்டும்ங்க அம்மிணி. அவிங்களும் ஊடு போய்ச் சேரோணுமில்லீங்க" என்கிறார். தள்ளுவண்டிக்காரர் கணபதி பஸ் ஸ்டாப்பில் திரும்பும்வரை இந்த ஊர்வலம் நடக்கும்.

வயது ஐம்பத்திரண்டு. டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டராக இருபத்தாறு வருடம், அத்தனையும் இடப்பக்க சீட்டில். அந்தக் கால் எங்கே போனாலும் பிரேக் தேடும். ஆட்டோவில் ஏறினால் தகரத்தை மிதிக்கும். சினிமாவில் கார் வேகமாக வந்தால் முன்வரிசைக்காரர் முதுகில் உதை விழும். அப்புறம் இடைவேளையில் அவருக்கு ஒரு பாப்கார்ன் வாங்கிக் கொடுத்து, "கோவிச்சுக்காதீங்க" என்பார்.

மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்சி அட்டை உண்டு. இருபது கட்டங்கள், ஒன்றொன்றாகக் கற்றதும் கையெழுத்து. பதினாறாவது கட்டம் 'முந்திச் செல்லுதல்'. அதை மட்டும் மாஸ்டர் இரண்டு தீப்பெட்டிகளை வைத்துச் சொல்லிக்கொடுப்பார். பிறகு எங்காவது நிற்கிற லாரியைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்லி, அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார். போன தை மாதம் ஒரு மாணவி வெள்ளந்தியாகக் கேட்டாள்: "மாஸ்டர், நீங்க யாரையாச்சும் ஓவர்டேக் பண்ணிருக்கீங்களா?"

மாஸ்டர் யோசித்தார். இல்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட இல்லை. அன்று மதியச் சோறு இறங்கவில்லை. மறுநாள் தன் பெயரிலேயே ஓர் அட்டை போட்டு, பத்தொன்பது கட்டங்களில் தானே கையெழுத்திட்டார். பதினாறு மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. சாவதற்குள் ஒரே ஒரு வண்டியை முந்திவிட வேண்டும் என்று அன்று முடிவு செய்தார்.

ஆனால் ரோட்டில் முந்த மனது வர வேண்டுமே! "முந்துனா அவிங்க மனசு சங்கடப்படுமுங்க" என்று பின்வாங்கிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் செட்டிபாளையம் பக்கத்து ரேஸ் டிராக்கில், புதிதாக ஓட்டுகிறவர்களுக்கென்று மாதத்தில் ஒருநாள் ஒதுக்குகிறார்கள் என்று காதில் விழுந்தது. அங்கே ஒரு சட்டம்: முன்னால் போகிறவர் ஜன்னல் வழியே கைகாட்டி வழிவிட்டால்தான் பின்னால் வருகிறவர் முந்தலாம். மாஸ்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. "கேட்டுப்போட்டு முந்தற எடம் உலகத்துலயே அது ஒண்ணுதானுங்க!"

வண்டி வேண்டுமே. ரேஸ் கோர்ஸ் ஏரியாவில் ஒரு மில்காரர் வீட்டு ஷெட்டில் உறைபோட்டுக் கிடந்த பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பிடித்தார். இரண்டே கதவு, இரண்டே சீட்டு, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கும் அப்துல் மஜீதிடம் கொண்டுபோய் விட்டார். மஜீத் முறையாக வேலை பார்க்கிறவர். பிரேக் ஆயில் மாற்றினார், புது பிரேக் பேட் போட்டார், டயரைத் தட்டித் தடவிப் பார்த்தார், வீல் நட்டுகளை அளவு பார்த்து முறுக்கினார். வண்டிக்குள் ஆடுகிற, உருளுகிற சாமான் எதுவும் இருக்கக்கூடாது, எடை குறைய வேண்டும் என்று ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கி வைத்தார்.

மறுநாள் காலையில் மாஸ்டர் வந்து அதைத் திரும்ப ஏற்றினார். "பஞ்சரானா என்னங்க பண்றது?"

"டிராக்குல ஆணி எங்கிருந்துங்க வரும்?"

"நம்மளக் கேட்டுப்போட்டா ஆணி வருதுங்க?"

இப்படியே போனது. மஜீத் இறக்க, மாஸ்டர் ஏற்ற. முதலுதவிப் பெட்டி, பக்கத்துக்கு ஒன்றாகக் கூடுதல் கண்ணாடி, முன்னும் பின்னும் சிவப்பு எல் எழுத்து. கடைசியாக இடப்பக்க சீட்டுக்குக் கீழே ஒரு பிரேக் வைக்கச் சொன்னார். "ஏனுங்க மாஸ்டர், அங்க ஆரு உக்காருவாங்க?" என்றார் மஜீத். யார் உட்காராவிட்டாலும் பிரேக் வேண்டும் என்றார் மாஸ்டர்.

ஓட்டிப் பார்க்கிற நாளில் மஜீத் ஸ்டியரிங்கைப் பிடிக்க, மாஸ்டர் வழக்கம்போல இடப்பக்கம் ஏறிக்கொண்டார். உக்கடத்திலிருந்து போத்தனூர் போய்த் திரும்புவதற்குள் புது பிரேக் பேட் புகைந்து நாறிவிட்டது. மஜீத் மறுபடி பேட் மாற்றினார். கையோடு, சத்தமில்லாமல் இடப்பக்க பிரேக்கின் கம்பியையும் கழற்றிவிட்டார். அடுத்த ஒருவாரம் மாஸ்டர் அந்த வெறும் பெடலை நிம்மதியாக மிதித்துக்கொண்டு வந்தார். "இப்பத்தான் பிரேக்கு மெத்துன்னு இருக்குதுங்க" என்று பாராட்டு வேறு.

அந்த நாளும் வந்தது. டிராக்கில் வண்டிகளைச் சோதிக்கிற நவநீத், குனிந்து அந்தப் பெடலைப் பார்த்தார். "இது எதுக்குங்க சார்?"

"பழக்கத்துக்குங்க."

நவநீத் பெடலை விட்டு நிமிர்ந்தார். ஸ்டெப்னியை மட்டும் இறக்கி வைக்கச் சொன்னார்.

டீ குடிக்கிற இடத்தில் பழனியாத்தாள் நின்றிருந்தார். சரவணம்பட்டியில் மாவு மில் வைத்திருப்பவர், அறுபத்துநான்கு வயது, மாஸ்டரிடம் படித்து நாலாவது டெஸ்ட்டில் லைசென்ஸ் வாங்கியவர். வெள்ளைக் குட்டிக் காரோடு வந்திருந்தார். "ரோட்டுல ஆளாளுக்கு ஹாரனடிச்சு உசிர வாங்கறானுங்க மாஸ்டர். இங்க ஹாரனே அடிக்கக்கூடாதாமுங்க" என்றார்.

காலையில் பதினைந்து பதினைந்து நிமிடமாக இரண்டு சுற்று. மாஸ்டர் முப்பத்தொரு தடவை கைகாட்டி வழிவிட்டார். டிராக்கில் இருந்த வண்டியே ஒன்பதுதான். மீதி இருந்தது கடைசிச் சுற்று, அதே பதினைந்து நிமிடம். அதில்தான் அவருக்கு முன்னால், அவரைவிட மெதுவாக, அந்த வெள்ளைக் கார் தென்பட்டது.

பழனியாத்தாளும் கண்ணாடியில் மாஸ்டரைப் பார்த்துவிட்டார். கையை வெளியே நீட்டி, போங்க என்று வீசினார். தை மாதம் முதல் கண்ட கனவு அந்த வளையல் கையில் ஆடியது. மாஸ்டரின் கையும் வெளியே வந்தது. அது, நீங்களே போங்க என்றது.

அவர் வீசினார், இவர் வீசினார். வேகம் அறுபது, நாற்பது, இருபது. மற்ற ஏழு வண்டிகளும் பின்னால் வந்து சேர்ந்தன. வீசுகிற கை தங்களுக்கா என்று தெரியாததால், சட்டப்படி எல்லோரும் வரிசையில் ஊர்ந்தார்கள். கொடிக்காரர் கையிலிருந்த கொடிகளையெல்லாம் மாற்றி மாற்றி ஆட்டிப் பார்த்தார். "மாஸ்டருக்கு முன்னால போறது மருவாதைங்களா? போங்க!" என்று கத்தினார் பழனியாத்தாள். "மூத்தவிங்கள முந்தறதுங்களாக்கா?" என்று இவர் கத்தினார். மூன்று நிமிடம்தான் மிச்சம். பழனியாத்தாள் ஓரம்கட்டி, வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கையும் போட்டுவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

வேறு வழியில்லை. மாஸ்டர் கண்ணாடி பார்த்தார், இன்னொரு கண்ணாடி பார்த்தார், வலது இண்டிகேட்டர் போட்டார், தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தார். பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் வெள்ளைக் காரைக் கடக்கும்போது தலை தாழ்த்தி, "வாரேனுங்கக்கா" என்றார். அதற்குப் பிறகு முன்னால் வெறும் தார்ச்சாலை மட்டும் இருந்தது. மாஸ்டருக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் முட்டியது, ஹெல்மெட்டுக்குள் கை போகவில்லை.

இறங்கியதும் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். எடுத்த பிறகு முகம் சுண்டிவிட்டது. "ஏனுங்கக்கா, நின்ன வண்டியத் தாண்டுனா அது முந்துனதுல சேருமுங்களா?"

"எனக்கு நின்ன லாரிக்குக் கையெழுத்துப் போட்டீங்கல்லங்க?" என்றார் பழனியாத்தாள். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். பழனியாத்தாள் சற்று இறங்கி வந்து, "என்ற வண்டி நின்னுச்சுங்க. இஞ்சின் ஓடிட்டேதான் இருந்துச்சு. நானு ஆஃப் பண்ணவே இல்லீங்க" என்றார்.

மாஸ்டர் அதை நன்றாக யோசித்துப் பார்த்து, பேனாவை நீட்டினார். பழனியாத்தாள் மூக்குக் கண்ணாடியை மாட்டி, பானட்டின் மேல் அட்டையை வைத்து, பதினாறாவது கட்டத்தில் தன் முழுப்பெயரையும் எழுதினார். மாஸ்டர் மை காயும்வரை ஊதினார், பையில் வைத்தார், ஒருமுறை தொட்டும் பார்த்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து நடந்துபோய், சிவப்புக் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, பெடலில் காலை வைத்து, காலியாகக் கிடந்த வலப்பக்க சீட்டைப் பார்த்து, "கிளப்புங்க, போலாம்" என்றார்.