மூன்றாம் தொட்டி

பேய் இருட்டில்தான் வரும் என்று யாராவது சொன்னால் நான் பேசாமல் இருந்துவிடுவேன். எனக்கு நடந்தது பட்டப்பகலில். போன வைகாசி, ஒரு புதன்கிழமை, மதியம் 1.10. இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

திருச்செங்கோட்டுக்கு வெளியே ஒரு சின்னக் கம்பெனி. கந்தகம் கலந்த தாதுக்கல்லிலிருந்து செம்பு எடுப்பார்கள். கல்லை மாவாக அரைத்து, சூடான ஆசிட் தொட்டியில் கொட்டி, மூன்று நாள் நிற்காமல் மோட்டாரால் கலக்க வேண்டும். செம்பு கரைந்து ஆசிட் நீலமாகும். மணிக்கொரு தடவை அதில் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது என் வேலை. சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மூன்றாம் தொட்டியின் ஏணியில் ஏறினேன். மோட்டார் சத்தத்துக்கு நடுவே வேறொரு சத்தம்.

டொக்... டொக்... டொக்...

கல் ஏதாவது மாட்டியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் நான் ஒரு படி ஏறினால் ஒரு தட்டு. நின்றால் அதுவும் நின்றது.

மூடியைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது.

"சாமி... மோட்டார நிறுத்துங்க சாமி..."

ஆண் குரல். உள்ளிருந்து...

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். மோட்டார் நின்றது. உள்ளே யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

1.16. சூப்பர்வைசர் நவநீதகிருஷ்ணன் எச்சில் கையோடு ஓடி வந்தார். யார் நிறுத்தியது என்று கத்தினார். உள்ளே ஆள் இருப்பதாகச் சொன்னேன். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மோட்டாரை மறுபடி ஓடவிட்டார்.

குரல் எழுந்தது. இப்போது அலறல்.

அவருக்கும் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினோரு நிமிசம். அப்பறம் அடங்கிரும்."

1.27.

அடங்கியது...

கேட்டைத் தாண்டி ஓடினேன். கம்பெனியில் பெருக்கும் சென்னியம்மாள்தான் பின்னாலேயே வந்து என்னைப் பஸ் ஸ்டாப்பில் உட்கார வைத்தார். இரண்டு வருஷத்துக்கு முன்பு அம்மாசி என்பவர் அந்தத் தொட்டிக்குள் விழுந்தாராம். மோட்டாரை நிறுத்தினால் மாவு அடியில் இறுகிவிடும், மூன்று நாள் வேலை வீணாகிவிடும் என்று நிறுத்தவே இல்லையாம். பொத்தானை அமுக்க ஓடிய ஒரு பெண்ணின் இரண்டு கைகளையும் சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டாராம். சத்தம் அடங்கும்வரை.

யார் அந்தப் பெண் என்று கேட்டேன்.

"நாந்தானுங்க. அம்மாசி எம்பட ஊட்டுக்காரரு."

பிறகும் ஏன் அங்கேயே வேலைக்கு வருகிறீர்கள் என்றேன். அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அவரு கொரலு வேற எங்க கேக்கும் சாமி?"