வெளியே வராத கை

ஒரு கார் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று அதற்குள் இருப்பவர் சொன்னால் நான் நம்புவதில்லை. வெளியே நின்று பார்த்தவர் சொன்னாலும் உடனே நம்பிவிடுவதில்லை. மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த ஆண்டில், காஜா பேராங் சாலையில் அப்பாவின் டாக்சி இடிபட்ட பிறகு வந்த குணம் இது. அதற்கு முன்பும் கொஞ்சம் இருந்தது என்று அம்மா சொல்வாள்.

அப்பாவின் டாக்சி ஒரு பழைய இங்கிலீஷ் கார். தோட்டத்து மேனேஜர் ஒருவர் ஓட்டிக் கழித்தது. கறுப்பு நிறம், வயதுக்கு மீறிய பளபளப்பு. அதில் அப்பாவுக்கு மிகவும் பிடித்தது கைகாட்டி. முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே உள்ள தூணில் ஒரு சின்னப் பிளவு இருக்கும். ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் சுவிட்சைத் திருப்பினால், அந்தப் பிளவிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஆரஞ்சு நிறக் கை ஒன்று எழுந்து நீட்டி நிற்கும். உள்ளே குட்டி பல்பு எரியும். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. திரும்பி முடித்ததும் சுவிட்சை நேராக்கினால் கை மடங்கி உள்ளே போய்விடும்.

மற்ற டாக்சிக்காரர்கள் மழையானாலும் வெயிலானாலும் சன்னலுக்கு வெளியே சொந்தக் கையை நீட்டித்தான் திரும்புவார்கள். அப்பாவும் முதலில் அப்படித்தான். இந்தக் கார் வந்த பிறகு அவர் கை நீட்டுவதை விட்டுவிட்டார். சட்டைக்கை கசங்குவதில்லை, மழையில் நனைவதில்லை. பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் உண்டு, பிரேக்கில் கால் வைத்தால் எரியும். "நான் நிக்கப் போறேன்னு காரே சொல்லிருது, நான் ஏன் சொல்லணும்?" என்பார். நானும் பெருமைப்பட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை முதலில் மிதித்தவள் நான். என்னைக் கொண்டுபோய் விடுகிற காரும் மற்ற கார்களைவிட விவரமானதாக இருப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றியது.

இடிபட்டது ஆயுத பூசைக்கு மறுநாள். ரேடியேட்டரில் கட்டிய மாலை இன்னும் வாடவில்லை. பள்ளி முடிந்து என்னை ஏற்றிக்கொண்டு அப்பா வந்துகொண்டிருந்தார். நான் பின் இருக்கையில் இருந்தேன். எங்கள் சந்துக்குள் வலப்பக்கம் திரும்ப வேண்டும். சுவிட்சின் 'டக்' சத்தம் என் காதில் விழுந்தது. சுவிட்சில் இருக்கும் குட்டி விளக்கு சிவந்ததையும் பார்த்தேன். அப்பா திரும்பினார். பின்னாலிருந்து வந்த ஒரு மோட்டார் சைக்கிள் எங்களைத் தாண்டப் பார்த்து, முன் சக்கரத்து மட்கார்டில் மோதி விழுந்தது.

விழுந்தவர் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞர். அரசாங்க அலுவலகக் கிளார்க். எழுந்து நின்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு தெரியலையாப்பா? கை காட்டுனேன்ல!" என்று அப்பா தமிழில் கத்தினார். அந்த இளைஞரின் முகத்தையும் நெற்றியில் இருந்த விபூதியையும் பார்த்தால் யாரும் தமிழில்தான் கத்துவார்கள்.

அவர் மலாயில் பதில் சொன்னார். "தாங்ஙான் தா கெலுவார், பாக்சிக்." கை வெளியே வரவில்லையாம். அவர் காஜா பேராங்கிலேயே பிறந்து வளர்ந்தவர்; பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வழியில் வந்த சிட்டி வம்சத்துக்காரர். அவர்களும் எங்கள் சாமியைத்தான் கும்பிடுகிறார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். அப்பாவைப் பெரியவர் என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். அந்த மரியாதையையே நான் சந்தேகப்பட்டேன். பொய் சொல்கிறவர்கள் பணிவாகத்தானே சொல்வார்கள்? சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன், விளக்கை நான் பார்த்திருக்கிறேன். வேகமாக வந்து முட்டிவிட்டு, அலுவலகத்தில் பெயர் கெடாமல் இருக்க இப்படிச் சொல்கிறார் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தேன்.

போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டார். சனிக்கிழமை காலை காரை ஸ்டேஷனுக்குக் கொண்டுவரச் சொன்னார். அதுவரை டாக்சி ஓட்டக் கூடாது என்று பெர்மிட்டை வாங்கி வைத்துக்கொண்டார். சிக்னலும் காட்டவில்லை, கையும் நீட்டவில்லை என்று முடிவானால் அந்த பெர்மிட் திரும்பி வராது. அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது. அந்த பெர்மிட் போனால், ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் என் நினைப்பும் அதோடு போகும்.

மறுநாள் அப்பா சும்மா இருக்க முடியாமல் டாக்சி ஸ்டாண்டுக்கு நடந்தே போனார். நானும் போனேன். அப்பாவுக்கு அடுத்த இடத்தில் கார் நிறுத்தும் டாக்சிக்காரர் ஒருவர் உண்டு. எங்களைப் பார்த்ததும் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்தார்.

"என்னண்ணே, உங்க காருக்கு வெட்கம் வந்திருச்சா? கை நீட்ட மாட்டேங்குதாமே?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அதெல்லாம் நீட்டுச்சு" என்றார் அப்பா.

"நீட்டுச்சுன்னு நீங்க எப்படிண்ணே பாத்தீங்க? முன்னாடி பாத்து ஓட்டுனீங்களா, பின்னாடி பாத்து ஓட்டுனீங்களா? புது கவர்மெண்ட்லா இது. பழைய காரையெல்லாம் ஓரங்கட்டப் போறான், பாருங்க."

அவர் இவ்வளவு சந்தோஷமாகப் பேசியது என்னை உறுத்தியது. ஆயுத பூசையன்று எங்கள் வீட்டுக்குச் சுண்டல் சாப்பிட வந்தவர் அவர். சாப்பிட்டு முடித்துக் கைகழுவும் சாக்கில் எங்கள் காரை ஒரு சுற்று சுற்றினார். கதவுத் தூண் பக்கத்தில் சாய்ந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். அப்பா வண்டி நின்றுபோனால் வரிசையில் முதல் இடம் யாருக்கு? அவருக்குத்தான்.

"பூசையன்னிக்கு எங்க கார்கிட்ட என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க, அண்ணே?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. அப்புறம் சிரித்துவிட்டார். "தங்கச்சி, இங்கிலீஷ் படிச்சிட்டா எல்லார் கையிலயும் ஸ்க்ரூடிரைவர் இருக்கிற மாதிரி தெரியுமா? அண்ணே, உங்க மகளை வாத்தியாராக்காதீங்க. மாத்தா-மாத்தாவா ஆக்குங்க. உளவுப் போலீசுக்கு நல்லா வருவா."

அப்பா என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த மனிதர் அன்று காரைச் சுற்றி வந்தது எதற்கு என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரியாத வரையில் அதை நான் மறக்கப் போவதில்லை.

ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்வி வழியெல்லாம் கூடவே வந்தது. எப்படிப் பார்த்தீங்க? காரை ஓட்டுகிற அப்பாவால் அந்தக் கையைப் பார்க்க முடியாது. அது அவர் தோளுக்குப் பின்னால் இருக்கிறது. பின் இருக்கையில் இருந்த நானும் சன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. நாங்கள் இருவரும் அறிந்ததெல்லாம் ஒரு சத்தமும் ஒரு சிவப்புப் பொட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் காருக்குள் உட்காரச் சொன்னேன். அம்மா ஆற்றங்கரைச் சந்தைக்குப் போயிருந்தாள். நான் வலப்பக்கம் வெளியே நின்றேன்.

"இப்ப சுவிட்ச் போடுங்கப்பா."

"போட்டுட்டேன். வெளிச்சம் எரியுது. கை வந்திருச்சா?"

கை வரவில்லை. தூணுக்குள் ஏதோ உறுமியது. பிளவில் ஆரஞ்சு நிறம் நூலளவு அசைந்து அப்படியே நின்றது. இடப்பக்கம் போட்டுப் பார்த்தோம். அது பாதி எழுந்து, அரைத் தூக்கத்தில் இருப்பவன் கை தூக்குவது போல் நின்றுவிட்டது.

அப்பா இறங்கி வந்து பார்த்தார். நான் குனிந்து பிளவுக்குள் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவர் கீறலைத்தான் தேடினேன், பிடித்துக்கொடுத்துவிடலாம் என்று. கண்ணில் பட்டது மஞ்சளாக ஒரு பொருக்கு. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம். நடுவில் சிவப்பாகக் குங்குமம்.

பூசையன்று காருக்குப் பொட்டு வைத்தது அம்மா. அப்பா குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவளே வாளித் தண்ணீர் ஊற்றிக் காரைத் துடைத்து, ஸ்டீயரிங், சக்கரம், கண்ணாடி, விளக்கு என்று ஒன்று விடாமல் வைத்தாள். மடங்கிக் கிடந்த கைகாட்டியை மட்டும் அவள் எப்படி விடுவாள்? வீட்டுக்குச் சோறு போடுகிற காரின் கை அல்லவா? விரலால் வெளியே இழுத்து, பட்டையாகப் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, பத்திரமாக உள்ளே தள்ளிவிட்டிருக்கிறாள். அது காய்ந்து பசையாகப் பிடித்துக்கொண்டது.

அப்பா பேனாக்கத்தியை எடுத்தார். "சுரண்டிட்டா நாளைக்கு சரியா எந்திரிக்கும்."

"எந்திரிச்சா அந்தக் கிளார்க் பொய் சொன்னதா ஆயிரும்ப்பா."

"சுரண்டலைன்னா நான் பொய் சொன்னதா ஆயிருமே. உனக்கு நான் பெருசா, அவன் பெருசா?"

"எனக்கு நடந்தது பெருசு" என்றேன். இப்படிப் பேசத்தான் அவர் என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். அது அவருக்கும் தெரியும். கத்தியை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிறாதே" என்றார். "தன் கை பட்டுத்தான் பெர்மிட் போச்சுன்னு நெனச்சிட்டான்னா, அப்புறம் எதையும் தொடமாட்டா."

சனிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போனோம். "என் பாசார் மலாய் சந்தையில மீன் வாங்கத்தான் ஆகும், போலீசுக்கு நீ பேசு" என்று அப்பா சொல்லியிருந்தார். இன்ஸ்பெக்டர் புதிதாக வந்த மலாய்க்காரர், நல்ல ஆங்கிலம் பேசினார். கிளார்க் மணிக்கட்டில் கட்டோடு வந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் அப்பாவை உள்ளே உட்காரவைத்து சுவிட்சைப் போடச் சொன்னார். சிவப்புப் பொட்டு எரிந்தது, தூண் உறுமியது, கை வரவில்லை. என்ன காரணம் என்று கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா தமிழில் சொன்னார். "பூசைக்கு நாந்தான் சந்தனம் பூசினேன். ஒட்டிக்கும்னு தோணலை. அப்படியே சொல்லு."

இரண்டு நாளாக எல்லோருடைய வாயையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவள் நான். இப்போது என் அப்பாவின் வாயிலிருந்து வந்த பொய்யை நல்ல ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். ஒரு சொல்லும் குறைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் என்னை உற்றுப் பார்த்தார். "இது அவர் சொன்னதா, நீ சொல்வதா?"

"அவர் சொன்னது, சார்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்று தெரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அப்போது கிளார்க் குனிந்து பிளவைப் பார்த்தார். "செண்டானா!" என்று மலாயில் சந்தனத்தின் பெயரைச் சொல்லிச் சிரித்துவிட்டார். கட்டுப்போட்ட கை வலித்ததால் சிரிப்பு பாதியில் நின்றது. தன் வீட்டிலும் பூசைக்கு மோட்டார் சைக்கிளுக்குப் பூசுவார்கள், ஹெட்லைட்டைக் கழுவிவிட்டுத்தான் வண்டியை எடுப்பாராம். பெரியவர் சுவிட்ச் போட்டிருப்பார், தனக்குக் கை தெரியவில்லை, அவ்வளவுதான் என்றார். தன் வண்டியைத் தானே சரிசெய்துகொள்வதாகச் சொன்னார். நல்ல மனது என்று அப்பா இன்றும் சொல்கிறார். சந்து முனையில் இடம் பார்க்காமல் வேகமாக வந்ததை யாரும் கேட்பதற்குள் அவர் முடித்துக்கொண்டார் என்பது என் கணக்கு. இரண்டுமே இருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் பின்னால் போய் நின்று பிரேக்கை மிதிக்கச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தது. வலக்கதவைத் தட்டி, கைகாட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி கொண்டுவந்து காட்ட வேண்டும், அதுவரையிலும் அதற்குப் பிறகும் சொந்தக் கையையும் நீட்ட வேண்டும் என்றார். பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டு வாசலில் அம்மா காத்திருந்தாள். "என்ன சொன்னாங்க?"

"ஸ்ப்ரிங் மக்கர் பண்ணிச்சு. வேற ஒண்ணுமில்லே" என்றார் அப்பா.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. நீதானே படிச்சவ."

"ஸ்ப்ரிங்தான்மா."

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை, பட்டறையில் கழற்றித் துடைத்து மாட்டிய கைகாட்டியோடு அப்பா கிளம்பியபோது, அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து காருக்கு வலப்பக்கம் நின்றாள். "போடுங்க" என்றாள். கை எழுந்தது. சுற்றி வந்து இடப்பக்கம் நின்றாள். "இந்தப் பக்கம்." அதுவும் எழுந்தது. பின்னால் போய், "மிதிங்க" என்றாள். விளக்கு எரிந்ததும், "சரி, போங்க" என்றாள்.

அன்றிலிருந்து அந்தச் சோதனை முடியாமல் அப்பா ஒரு நாளும் வெளியே போனதில்லை. ஏன் என்று அவள் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. சந்தன விஷயத்தை அவளுக்கு யார் சொன்னது என்பது எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அப்பா மேல்தான் எனக்குச் சந்தேகம்.